நிழற்படத்தில் நிழல் அமைக்கும் முறை

நமது அங்கத்தினர் நெய்த சேலையையும் விளைவித்த காய்கனிகளையும் வெளியூரார் பலர் இன்று கைப்பேசியில் படம் பார்த்தே வாங்குகின்றனர். தொட்டுப் பார்க்க இயலாதவருக்குப் படமே சான்று. பின்னணியை நீக்கி வெண்தளத்தில் வைத்த பொருள், நிழலின்றேல் அந்தரத்தில் மிதப்பதுபோல் தோன்றும், வாங்குவோர் ஐயுறுவர்.

1996இல் முதன்முதல் வெளிவந்த கிம்ப் என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. அதில் பொருளின் உருவைப் படியெடுத்துக் கருஞ்சாம்பல் நிறமாக்கி, பொருளுக்குக் கீழடுக்காக வைத்துச் சற்றே நகர்த்துக. பின்னர் விளிம்பை மங்கச் செய்து, அடர்த்தியைக் குறைத்திடுக.

நகர்த்தும் திசையைச் சேலையின் மடிப்பே காட்டும்; மடிப்பின் எப்பக்கம் இருண்டுள்ளதோ, அப்பக்கமே நிழலும் விழ வேண்டும். பொருள் தரையைத் தொடுமிடத்தில் நிழல் அடர்ந்து தெளிவாகவும், விலக விலக மங்கலாகவும் இருத்தல் இயல்பு. கதிரவன் ஒளியில், ஒரு மீட்டர் தள்ளி விழும் நிழலின் விளிம்பு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அகலம் மங்கும்.

நிழலின் நீளம் பொழுதைப் பொறுத்தது. நமது இரும்புலியூரில் ஏப்ரல் 24, ஆகஸ்டு 18 ஆகிய நாட்களையொட்டி, நண்பகலில் நட்ட கோலுக்கும் பக்கநிழல் இராது. மாலையிலோ நிழல் நீளும். ஆதலின் படம் எடுத்த வேளைக்கேற்ற நீளமே பொருந்தும்.

நிழல் தளத்தின்மீது மட்டுமே விழுக; சேலையின் நிறத்தையோ நெசவுக் குறையையோ மறைத்தலாகாது. மறைத்து விற்ற சேலை திரும்பி வரின், நட்டம் நெசவாளருக்கு. இழுக்கு சங்கம் முழுமைக்கும் ஆகும்.