கயிற்றரவும் பளிங்கும்

1838-ஆம் ஆண்டில் சார்லஸ் வீட்ஸ்டன் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி, ஒரே பொருளை இடக்கண் காணும் விதத்தில் ஒன்றும் வலக்கண் காணும் விதத்தில் ஒன்றுமாக இரு சித்திரங்களை வரைந்து, அவற்றைக் கண்ணாடிகளின் துணையால் அவ்வக் கண்ணுக்கே தனித்துக் காட்டியபோது, தட்டையான கோடுகள் மறைந்து, கனமும் ஆழமும் உடைய ஓர் உருவம் எதிரே நிற்பதாகத் தோன்றிற்று. காகிதத்தில் இல்லாத அந்த ஆழத்தை, இரு கண்களும் கொணர்ந்த சிறு வேற்றுமையைக் கொண்டு மூளையே நிர்மாணித்துக்கொண்டது. இன்று தலையில் அணியும் மெய்நிகர்க் கருவிக்கும் இதுவே அஸ்திவாரம். தலை திரும்பும் பக்கமெல்லாம் காட்சியும் உடன் திரும்பும் வித்தையை, 1968-இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லாண்ட் என்னும் கணினி விஞ்ஞானி, கூரையிலிருந்து தொங்கவிட்ட தம் கருவியில் செய்து காட்டினார்.

இத்தகைய கருவி காட்டும் பாதாளத்தின் விளிம்பில் நிற்பவருக்கு, தாம் நிற்பது சமதரையே என்பது ஐயமறத் தெரியும். ஆயினும் கால் கூசுகிறது, நெஞ்சு படபடக்கிறது. வட கரோலினாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அந்த இதயத் துடிப்பின் வேகத்தை அளந்து, 2002-இல் வெளியிட்டார்கள்.

மெய்நிகர் உலகம் என்றவுடன் நம்மவர், இருளில் கயிற்றைப் பாம்பென்று மயங்கும் கயிற்றரவை உவமை சொல்லுகிறார்கள். அது இங்கே பொருந்தாது என்றே நான் துணிந்து சொல்லுவேன். விளக்கைக் கொணர்ந்து கயிற்றைக் கண்ட கணமே பாம்பு ஒழிந்துபோகிறது. பாதாளமோ, பொய்யென்று அறிந்த பின்னும் ஒழிவதில்லை. வேதாந்திகள் இந்தச் சூட்சுமத்தை உணர்ந்தே, உபாதியோடு கூடிய பிராந்தியை, அதாவது அருகிலுள்ள பொருளின் சார்பால் எழும் மயக்கத்தை, வேறாகப் பிரித்து வைத்தார்கள்: செம்பருத்திப் பூவின் அருகில் வைத்த பளிங்கு, நிறமற்றது என்று நன்கறிந்தவன் கண்ணுக்கும், பூவை அகற்றும்வரை சிவந்தே தோன்றும். சினிமாவிலும் செல்பேசித் திரையிலும் நாம் காண்பவை பெரும்பாலும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. புனைந்த படம் என்று தெரிந்த பின்னும், அது மூட்டிய கோபம் நம்மை விட்டு நீங்குவதில்லை.

மெய்நிகர்ப் பொருள்களும் தம்மளவில் மெய்யே என்று டேவிட் சால்மர்ஸ் என்னும் தத்துவ அறிஞர் 2022-இல் ஒரு நூலே எழுதி வாதிட்டார். பொருள் மெய்யோ பொய்யோ, அதனால் விளையும் பயம் மெய் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தப் பயத்தையே மருந்தாக்கியவர்களும் உண்டு. உயரத்தைக் கண்டு நடுங்கும் மாணவர்கள் சிலரை அமெரிக்க மனநல ஆய்வாளர்கள் மெய்நிகர்ப் பாலங்களிலும் மாடங்களிலும் பலமுறை நிற்கவைத்தார்கள். 1995-இல் வெளியான அவ்வாய்வின்படி, நடுக்கம் தணியத் தணிய, யாரும் ஏவாமலே அவர்களிற் பலர் மெய்யான உயரங்களைத் தேடிச் சென்று நின்றார்கள்.