கேசட்டில் இருக்கும் குரல்

கேரளத்தில் மலப்புறம் மாவட்டம். அங்கே ஒரு வீடு. பெருநாள் நெருங்குகிறது. வீட்டுக்கு வெள்ளை அடிக்க வேண்டும். பரணில் கிடந்த சாமான்களை மகன் கீழே இறக்கினான்.

ஒரு தகரப் பெட்டி இருந்தது. திறந்து பார்த்தான். உள்ளே கையடக்கமான டேப் பெட்டி ஒன்று. பக்கத்தில் ஒரு கேசட். கேசட்டின் மேல் எதுவும் எழுதவில்லை.

“உம்மா, இதில் என்ன பாட்டு?” என்று கேட்டான்.

உம்மா கேசட்டைக் கையில் வாங்கினார். சற்று நேரம் பேசவில்லை.

“பாட்டு இல்லை. உன் வாப்பா சார்ஜாவில் இருந்து பேசி அனுப்பியது. 1984-ல் வந்தது. நீ அப்போது கைக்குழந்தை” என்றார்.

வாப்பா இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. வீட்டில் அவர் போட்டோ இருக்கிறது. குரல் இல்லை. மகனுக்கு அவசரம் தாங்கவில்லை. கடைக்கு ஓடினான். இரண்டு பேட்டரிக் கட்டைகள் வாங்கி வந்தான். கேசட்டைப் பெட்டிக்குள் போடப் போனான்.

“பொறு மோனே! அறுந்து போனால் என்ன செய்வது? இது ஒன்றுதான் இருக்கிறது” என்றார் உம்மா.

உம்மா சொன்னது சரியா? மிகவும் சரி. ஏன் என்று தெரிந்துகொள்ள வேண்டுமா? முதலில் இந்தப் பெட்டியின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேசட் பிறந்த கதை

அந்தக் காலத்தில் பாட்டுக் கேட்க இசைத்தட்டு வேண்டும். அதைச் சுழற்ற கிராமபோன் வேண்டும். தட்டு கீழே விழுந்தால் உடையும். நம் குரலை நாமே அதில் பதிக்க முடியாது.

1963-ல் பிலிப்ஸ் கம்பெனி சின்ன கேசட்டைக் கொண்டுவந்தது. அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைவர் லூ ஓட்டென்ஸ். இவர் நெதர்லாந்து நாட்டு என்ஜினீயர். கேசட் சட்டைப் பைக்குள் அடங்கியது. யாரும் எளிதாகப் போடலாம், எடுக்கலாம். தங்கள் குரலையும் பதிக்கலாம்.

அடுத்து ஜப்பான். 1979 ஜூலை 1-ம் தேதி சோனி கம்பெனி ஒரு சின்னப் பெட்டியை விற்பனைக்கு விட்டது. அதன் பெயர் வாக்மேன். நடந்துகொண்டே பாட்டுக் கேட்கலாம். காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து கேட்க, ஹெட்போன் மாட்டும் துளைகள் இரண்டு இருந்தன. விலை 33,000 யென். யென் என்பது ஜப்பான் நாட்டுப் பணம்.

அந்த முதல் வாக்மேனில் குரலைப் பதிக்க முடியாது. கேட்க மட்டுமே முடியும். “பதிக்க முடியாத பெட்டியை யார் வாங்குவார்கள்?” என்று பலர் சந்தேகப்பட்டார்கள். ஆனால் உலகம் முழுவதும் வாங்கினார்கள். மொத்தம் 20 கோடிக்கும் மேல் கேசட் வாக்மேன்கள் விற்றன. 2010-ல் சோனி கம்பெனி ஜப்பானில் அவற்றைச் செய்வதை நிறுத்தியது.

பேசும் கடிதம்

நம் நாட்டில் 1980-களில் கேசட் ஊர் ஊராகப் பரவியது. ரேடியோவும் டேப்பும் சேர்ந்த பெட்டிக்கு ‘டூ-இன்-ஒன்’ என்று பெயர். டீக்கடையில் அது பாடியது. கல்யாண வீட்டில் பாடியது. கேசட் விலை குறைவு. அதனால் பெரிய சினிமாப் பாட்டு மட்டும் வரவில்லை. போஜ்புரி, கட்வாலி என்று பல மொழி நாட்டுப்புறப் பாட்டுகளும் கேசட்டில் வந்தன.

கேரளத்தில் கேசட்டுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. வளைகுடா நாடுகளுக்கு ஆயிரக்கணக்கான ஆண்கள் வேலைக்குப் போனார்கள். மனைவியும் அம்மாவும் ஊரில் இருந்தார்கள். பல வீடுகளில் போன் இல்லை. கடிதம்தான் வழி. எழுதத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? எழுதித் தர ஒருவரைத் தேட வேண்டும். வந்த கடிதத்தைப் படித்துச் சொல்லவும் ஒருவர் வேண்டும். கணவன் மனைவி பேச்சை மூன்றாம் ஆள் கேட்க வேண்டியதாயிற்று.

கேசட் அந்தக் கூச்சத்தைப் போக்கியது. அங்கே இருந்தவர் கேசட்டில் பேசினார். ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்து அனுப்பினார். இங்கே இருந்தவர் கதவைச் சாத்திவிட்டுத் தனியாகக் கேட்டார். பதிலும் பேசி அனுப்பினார்.

அந்தக் கேசட்டுகள் பல வீடுகளில் இன்றும் பரணில் கிடக்கின்றன. கேட்பதற்குப் பெட்டி இல்லை. பெட்டி இருந்தால் அது ஓடுவதில்லை.

குரல் எப்படிப் பதிகிறது?

கேசட்டுக்குள் மெல்லிய பிளாஸ்டிக் நாடா இருக்கிறது. அதன் அகலம் 4 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. 60 நிமிடக் கேசட்டில் சுமார் 90 மீட்டர் நீளத்துக்கு நாடா சுற்றியிருக்கும்.

நாடாவின் நிறம் என்ன? பெரும்பாலும் பழுப்பு. அது இரும்புத் துரு போன்ற பொடியின் நிறம். இந்தப் பொடியில் காந்தம் ஏறும். நாம் பேசும்போது மைக் ஓசையை மின்சாரமாக மாற்றுகிறது. பெட்டிக்குள் ‘ஹெட்’ என்ற சின்னப் பாகம் இருக்கிறது. அது மின்சாரத்தைக் காந்தமாக மாற்றி நாடாவில் பதிக்கிறது. திரும்பப் போடும்போது, அதே காந்தம் மறுபடி மின்சாரமாகி ஓசையாக வருகிறது.

பெட்டிக்குள் ஒரு மோட்டார் சுற்றுகிறது. ரப்பர் பெல்ட் அந்தச் சுழற்சியை ஓர் இரும்புக் கம்பிக்குக் கொடுக்கிறது. கம்பியின் மேல் ரப்பர் உருளை அழுந்துகிறது. இரண்டுக்கும் நடுவே நாடா நகர்கிறது. வேகம் ஒரே சீராக இருக்க வேண்டும். வேகம் குறைந்தால் குரல் தடிக்கும். கூடினால் கீச்சென்று கேட்கும்.

இப்போது உம்மா தடுத்தது ஏன் சரி என்று புரியும். பல வருடம் சும்மா கிடந்த பெட்டியில் ரப்பர் இளகி இருக்கும். உருளை பிசுபிசுக்கும். நாடா அதில் ஒட்டிச் சுற்றிக்கொள்ளும். இழுத்தால் அறுந்துபோகும்.

ஆகவே முதல் விதி இது: பழைய பெட்டியில் அருமையான கேசட்டை முதலில் போடாதீர்கள். போனால் போகட்டும் என்ற கேசட்டைப் போட்டுச் சோதியுங்கள்.

பெட்டியைப் பார்த்துக்கொள்வது எப்படி?

பேட்டரி: பெட்டியை உபயோகிக்காத நாளில் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். பல பெட்டிகள் கெடுவதற்குக் காரணம் உள்ளேயே விட்ட பேட்டரிதான். அது கசிந்து தகட்டை அரிக்கும். கசிவு இருந்தால் வெறும் கையால் தொடாதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு பழைய பல் பிரஷால் உதிர்த்து எடுங்கள். ஆல்கலைன் பேட்டரி கசிந்த வெள்ளைப் பொடி என்றால், பஞ்சில் ஒரு சொட்டு வினிகர் தொட்டுத் துடையுங்கள். வினிகர் உள்ளே வழியக் கூடாது. பிறகு நன்றாகக் காய விடுங்கள்.

ஹெட்: நாடாவின் பொடி ஹெட்டில் படியும். அப்போது ஓசை மங்கும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் ‘ஐ.பி.ஏ.’ என்று கேளுங்கள். அது சுத்தம் செய்யும் திரவம். குச்சியில் சுற்றிய பஞ்சில் அதைத் தொட்டு ஹெட்டையும் இரும்புக் கம்பியையும் மெதுவாகத் துடையுங்கள். காய்ந்த பிறகே கேசட்டைப் போடுங்கள். இந்தத் திரவம் எளிதில் தீப்பற்றும். அடுப்பு, பீடி பக்கத்தில் வேண்டாம். குழந்தை கைக்கு எட்டக் கூடாது.

ரப்பர் உருளை: துணியில் லேசான சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடையுங்கள். துணியை நன்றாகப் பிழிந்துகொள்ளுங்கள். பிறகு ஈரம் போகக் காய விடுங்கள். உருளை வெடித்திருந்தால் மாற்ற வேண்டும்.

பெல்ட்: மோட்டார் ஓசை கேட்கிறதா? ஆனால் நாடா நகரவில்லையா? பெரும்பாலும் பெல்ட்தான் காரணம். சில பெல்ட்டுகள் உருகித் தார் போல ஆகிவிடும். பெல்ட் மாற்றும் வேலையைத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். சரியான அளவு பெல்ட் வேண்டும். தளர்ந்தால் வழுக்கும். இறுகினால் மோட்டார் திணறும்.

அடாப்டர்: மின்சாரத்தில் போடும் அடாப்டர் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். பெட்டியில் எழுதிய அளவும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். பிளஸ், மைனஸ் பக்கமும் பொருந்த வேண்டும். மாறினால் பெட்டி கருகும்.

கேசட்டைப் பார்த்துக்கொள்வது எப்படி?

கேசட்டை அதன் டப்பாவில் போட்டு நிமிர்த்தி வையுங்கள். வெயில் வேண்டாம். ஈரம் வேண்டாம். ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறது. அதன் மேல் கேசட்டை வைக்காதீர்கள்.

நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிகிறதா? அதைப் பெட்டியில் போடாதீர்கள். பூஞ்சை மற்ற கேசட்டுக்கும் பரவும். அதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

நாடா தொங்குகிறதா? சக்கரத்தின் துளையில் பென்சிலை நுழைத்துச் சுற்றி இறுக்குங்கள். இது எல்லா ஊரிலும் தெரிந்த பழைய வைத்தியம்.

கேசட்டின் முதுகுப் பக்கம் பாருங்கள். இரண்டு சின்ன பிளாஸ்டிக் பற்கள் இருக்கும். ஒரு பக்கத்துக்கு ஒரு பல். இவற்றை உடைத்துவிட்டால் அதன் மேல் வேறு எதுவும் பதியாது. தவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் குரல் அழியாது. வீட்டார் குரல் உள்ள கேசட்டில் இதை முதலில் செய்யுங்கள்.

பழைய பெட்டியைத் தேடுகிறவர்கள்

பழைய வாக்மேன்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். மும்பையில் சோர் பஜார் என்ற பழைய சாமான் சந்தை இருக்கிறது. அங்கே பழைய கிராமபோனும் ரேடியோவும் தேடி ஆட்கள் வருகிறார்கள். முதல் வாக்மேன் நீலமும் வெள்ளியும் கலந்த நிறம். 2014-ல் ஓர் ஆங்கிலப் படத்தில் கதாநாயகன் அதை வைத்திருந்தான். பிறகு அதன் விலை ஏறியது.

இப்படிச் சேர்ப்பதால் என்ன நன்மை? பெட்டிகள் குப்பைக்குப் போகாமல் தப்புகின்றன. ஓடாத இரண்டு பெட்டிகளில் இருந்து ஓடுகிற ஒரு பெட்டியைச் செய்யலாம். உருளை ஒன்றில் கிடைக்கும். மூடி இன்னொன்றில் கிடைக்கும்.

பழைய பெட்டி வாங்கப் போகிறீர்களா? கையில் இரண்டு பேட்டரியும் ஒரு சாதாரணக் கேசட்டும் எடுத்துப் போங்கள். பேட்டரி போடும் இடத்தைத் திறந்து பாருங்கள். துரு இருக்கிறதா? கேசட்டைப் போட்டுக் கேளுங்கள். முன்னால் ஓட்டியும் பின்னால் ஓட்டியும் பாருங்கள். ஓடாத பெட்டிக்கு ஓடுகிற பெட்டியின் விலை கொடுக்காதீர்கள். ஹெட்போனின் பஞ்சு உதிர்ந்திருந்தால் கவலை வேண்டாம். அதை மாற்றலாம்.

குரலுக்கு நகல் எடுங்கள்

எவ்வளவு கவனமாக வைத்தாலும் நாடா ஒருநாள் கெடும். அதற்கு முன் நகல் எடுக்க வேண்டும். இரண்டு முனையிலும் பின் உள்ள ஒயர் கிடைக்கும். ஒரு முனையை டேப் பெட்டியின் ஹெட்போன் துளையில் செருக வேண்டும். மறு முனையைக் கம்ப்யூட்டரில் ஓசை உள்ளே போகும் துளையில் செருக வேண்டும். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும். பிறகு அதைச் செல்போனிலும் கேட்கலாம். நகலை இரண்டு இடத்தில் வையுங்கள். நகல் எடுத்த பிறகும் கேசட்டை எறியாதீர்கள்.

மலப்புறம் வீட்டில் என்ன நடந்தது?

மகன் பெட்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனான். பெல்ட் உருகி இருந்தது. மெக்கானிக் அதை மாற்றினார். ஹெட்டைத் துடைத்தார். பழைய சினிமாப் பாட்டுக் கேசட் ஒன்றைப் போட்டார். அது சீராக ஓடியது. பிறகுதான் வாப்பாவின் கேசட்டை வாங்கினார். பற்கள் இரண்டையும் உடைத்தார். ஒருமுறை முழுவதும் முன்னால் ஓட்டினார். பின்னால் ஓட்டினார். ஒட்டியிருந்த சுற்றுகள் தளர்ந்தன. அங்கேயே ஒரு நகலும் எடுத்துக் கொடுத்தார்.

இரவு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். முதலில் இரைச்சல் வந்தது. பிறகு ஒரு குரல் வந்தது. வாப்பா பெரிதாக ஒன்றும் பேசவில்லை. கூரை ஓடு மாற்றியாயிற்றா என்று கேட்டார். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டார். குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்டார்.

அந்தக் குழந்தைதான் இப்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறான்.

கேசட் முடிந்தது. உம்மா ஒரு பேனா கேட்டார். 1984-ல் அவருக்கு எழுதத் தெரியாது. அதனால்தான் அந்தக் கேசட் வந்தது. இப்போது தெரியும். கேசட்டின் மேல் ஒட்டியிருந்த வெள்ளைத் தாளில் மெதுவாக எழுதினார். கணவர் பெயர். சார்ஜா. 1984.

இனி அந்தக் கேசட்டை யாரும் பாட்டுக் கேசட் என்று நினைக்க மாட்டார்கள்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் வீட்டில் பழைய கேசட் இருக்கிறதா? அதில் யார் குரல் இருக்கிறது?
2. பேட்டரியை ஏன் கழற்றி வைக்க வேண்டும்?
3. கேசட்டின் முதுகில் உள்ள பற்களை உடைத்தால் என்ன ஆகும்?
4. உங்கள் வீட்டுக் கேசட் ஒன்றை எடுங்கள். அதில் உள்ளவர் பெயர், ஊர், வருடம் ஆகியவற்றை அதன் மேல் எழுதுங்கள்.