விடிவெள்ளிக்கு விலங்கு

தந்தை எழுந்தார். மகளின் கரத்தைப் பற்றி மாப்பிள்ளையின் கரத்தில் ஒப்படைப்பார் என்றுதான் எவரும் எதிர்பார்த்திருப்பர். அவரோ ஒப்படைக்கவில்லை! என் மகளை நான் எவருக்கும் தாரை வார்க்கமாட்டேன், அவள் உடலுக்கு அவளே என்றென்றும் உரிமைக்காரி என்று கூறினார். கூறிவிட்டு அமர்ந்தார்.

இடம், அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்திலே வேலி ஃபால்ஸ் எனும் சிற்றூர். நாள், 1886 செப்டம்பர் 19. தந்தை மோசஸ் ஹார்மன். மகள் லிலியன். மாப்பிள்ளை எட்வின் வாக்கர்.

பாதிரி இல்லை. நீதிபதி இல்லை. அரசாங்க லைசென்ஸ் இல்லை. மாப்பிள்ளை ஓர் அறிக்கை படித்தார். கணவன் என்ற பெயரால் சட்டம் எனக்குத் தரும் அதிகாரம் அத்தனையையும் துறக்கிறேன், இவள் தன் பெயரோடு இருப்பாள், தன் விருப்பம்போல் இருப்பாள், பிள்ளை பிறந்தால் பொறுப்பு எனக்குண்டு என்றார். மணமகளும் பேசினாள். நாளை என்னால் நிறைவேற்ற முடியாமற் போகக்கூடிய வாக்குறுதி எதையும் இன்று தரமாட்டேன், என் மனச்சான்று காட்டும் வழியிலே நடக்கும் உரிமையை விடமாட்டேன் என்றாள்.

பெண்ணுக்கு வயது 16. மாப்பிள்ளைக்கு 37! முகம் சுளிக்கிறீர்கள், தெரிகிறது. நானும் சுளிக்கத்தான் செய்கிறேன். பெண்ணுரிமை பேசிய பெரியவர்கள் இதையும் எண்ணிப் பார்த்திருக்க வேண்டாமா? ஆனால் தோழர்களே, சர்க்கார் முகம் சுளித்தது அதற்காக அல்ல. வயது பொருந்தவில்லை என்று எந்த அதிகாரியும் வரவில்லை. லைசென்ஸ் எங்கே என்று கேட்டுத்தான் வந்தார்கள்! மணமான மறுநாளே இருவரையும் கைது செய்தார்கள்.

வாக்கருக்கு 75 நாள் சிறை, லிலியனுக்கு 45 நாள். அதோடு வழக்குச் செலவையும் கட்டவேண்டும், கட்டும்வரை விடுதலை இல்லை என்றது கோர்ட்டு. கட்டமாட்டோம் என்றார்கள் இருவரும். 45 நாள் முடிந்தது, பெண் வெளியே வரவில்லை. 75 நாளும் முடிந்தது, அவரும் வரவில்லை. மேல்முறையீடு மாநில உச்சநீதிமன்றம் வரை சென்றது. நீங்கள் கணவன் மனைவியா அல்லவா என்பதல்ல எங்கள் முன்னுள்ள கேள்வி, சட்டம் சொன்ன முறைப்படி நடந்தீர்களா என்பதே கேள்வி என்று 1887-ல் தீர்ப்பாயிற்று. அந்த ஆண்டு ஏப்ரலிலேதான் இருவரும் வெளியே வந்தார்கள். புது மணமக்கள் தேனிலவு கொண்டாடிய இடம், ஜெபர்சன் மாவட்டச் சிறைச்சாலை!

ஏன் இத்தனை பிடிவாதம்? ஒரு லைசென்ஸ் வாங்கினால் குடியா முழுகிவிடும் என்று கேட்பவர் இருப்பர். ஆங்கில நாட்டிலிருந்து அமெரிக்கா சுமந்துகொண்டு வந்த பழஞ்சட்டம் என்ன சொல்லிற்று தெரியுமா? மணமானதும் கணவனும் மனைவியும் ஒருவரே, அந்த ஒருவர் கணவனே என்றது! அவள் கூலி அவனுடையது. அவள் சொத்து அவன் கையில். நியூயார்க் மாநிலம் 1848-ல் சட்டம் செய்து சொத்துரிமையைத் தந்தது, மற்ற மாநிலங்களும் மெல்ல மெல்லத் தொடர்ந்தன. நிலம் வந்தது, நகை வந்தது, கூலியும் கைக்கு வந்தது. ஆனால் அவள் உடல்? அதைப்பற்றி வாய் திறக்க ஆளில்லை.

வாய் திறந்தது ஒரு சின்ன வாரத்தாள். அதை நடத்தியவர் இந்த மோசஸ் ஹார்மன்தான். ஒரு காலத்தில் மெதடிஸ்ட் பிரசங்கியாக இருந்து, பிறகு பகுத்தறிவாளரானவர். ஏட்டுக்கு அவர் 1883-ல் வைத்த பெயர், லூசிபர்! சாத்தானின் பெயரா என்று பதறினார்கள் பக்தர்கள். ஒளி ஏந்தி வருவோன் என்பதே அச்சொல்லின் பொருள், நாம் விடிவெள்ளி என்கிறோமே, அதேதான். அது மட்டுமா? ஏட்டின் முகப்பிலே ஏசு பிறந்த கணக்கில் ஆண்டு போட மறுத்தார். விஞ்ஞான உண்மை பேசிய புரூனோவை 1600-ல் ரோம் நகரிலே உயிரோடு எரித்தார்களே, அதிலிருந்து எண்ணினார் ஆண்டை! மனித சகாப்தம் என்று அதற்குப் பெயரும் தந்தார்.

லிலியன் அந்த ஏட்டுக்கு எழுத்துக் கோத்த பெண். மையும் ஈயமும் படிந்த விரல்கள் அவை. வாசகர் எழுதும் கடிதத்திலே ஒரு சொல்லையும் வெட்டமாட்டேன் என்று அறிவித்திருந்தார் ஆசிரியர். 1886 ஜூனிலே டென்னசி மாநிலத்திலிருந்து வந்த ஒரு கடிதத்தை அப்படியே அச்சிட்டார். பிள்ளைப் பேற்றிலே உடல் கிழிந்து, பலமுறை அறுவை செய்யப்பெற்று, தையல் ஆறாமல் படுத்திருந்த ஒருத்தியின் கதை அது. வந்தான் கணவன். பலவந்தம் செய்தான். தையல் பிரிந்தது, முன்னிலும் மோசமானது நிலைமை. கடிதம் கேட்டது: கத்தியால் மனைவியைக் குத்தினால் கொலைகாரன் என்கிறது சட்டம், இவனை என்ன செய்யும் அந்தச் சட்டம்?

அந்தக் கணவனை அது ஒன்றும் செய்யவில்லை. கடிதத்தை அச்சிட்டவரைப் பிடித்தது!

நியூயார்க்கிலே ஜவுளிக்கடைக் குமாஸ்தாவாக இருந்தவர் அந்தோணி காம்ஸ்டாக். ஒழுக்கத்தைக் காக்க என்று இவர் ஊர் ஊராய்க் கிளம்பி, 1873-ல் ஒரு சட்டத்தையே கொண்டுவரச் செய்தார். ஆபாசம் எதையும் தபாலில் அனுப்பலாகாது, கருத்தடை பற்றிய குறிப்பையும் அனுப்பலாகாது, மீறினால் பத்தாண்டு வரை கடுங்காவல். ஆபாசம் எது? அதைச் சட்டம் சொல்லவில்லை, காம்ஸ்டாக் சொல்லுவார்! அவரே தபால் இலாகாவின் தனி ஏஜெண்டும் ஆனார். மசாச்சூசெட்சிலே எஸ்ரா ஹேவுட் திருமண முறையைக் கண்டித்து 1876-ல் ஒரு சிறு நூல் வெளியிட்டார், இரண்டாண்டு தண்டனை. ஜனாதிபதி ஹேய்ஸ் மன்னித்ததால் ஆறு மாதத்தில் வந்தார். அதே நூலைத் தபாலில் அனுப்பி விற்றதற்காக பென்னட் என்ற பத்திரிகையாசிரியருக்கு 1879-ல் 13 மாதம். இவருக்கு மன்னிப்பும் கிடைக்கவில்லை.

ஹார்மன் மீதும், மகன்மீதும், வாக்கர்மீதும் 1887 பிப்ரவரியில் வழக்கு வந்தது. நான்கே கட்டுரைகள், ஆனால் குற்றச்சாட்டுகளோ 270! மற்ற இருவர் மீதிருந்த வழக்கு கைவிடப்பட்டது. கிழவரை விடவில்லை. 1890-ல் ஐந்தாண்டுத் தண்டனை, 300 டாலர் அபராதம். சட்டத்தின் ஓட்டையால் சில மாதத்தில் வெளியே வந்தார், வேறொரு கடிதத்துக்காக மீண்டும் உள்ளே போனார். 1896 வரை இதே கதை.

இடையிலே ஒரு வேடிக்கை. ஆசிரியர் இல்லாத வேளையில் 1892-ல் ஏட்டைப் பார்த்துக்கொண்டவர் லோயிஸ் வைஸ்புரூக்கர் என்ற அம்மையார். கெட்டிக்காரி. அரசாங்க விவசாய இலாகா குதிரை நோய் பற்றி வெளியிட்ட புத்தகம் ஒன்றை எடுத்தார். எந்த உறுப்பின் பெயரைச் சொன்னதற்காக ஹார்மனைக் கூண்டிலேற்றினார்களோ, அதே சொல் அந்த அரசாங்கப் புத்தகத்திலே இருந்தது, குதிரைக்கு! அந்தப் பகுதியை அப்படியே லூசிபரில் அச்சிட்டார். சர்க்கார் அச்சிட்டால் விஞ்ஞானம், நாங்கள் அச்சிட்டால் ஆபாசமோ என்று சர்க்காரையே கேட்டதுபோல. தபால் இலாகா என்ன செய்தது? அந்த இதழையும் தடுத்தது! குதிரையின் வலியைப் பற்றி அரசாங்கச் செலவிலே எழுதலாம், பெண்ணின் வலியைப் பற்றிச் சொந்தச் செலவிலும் எழுதக்கூடாது.

மனைவியைப் பலவந்தம் செய்வதும் குற்றமே என்று நெப்ராஸ்கா மாநிலம் முதலில் சட்டம் செய்தது 1976-ல். ஐம்பது மாநிலமும் அதை ஏதோ ஒரு வகையில் ஏற்பதற்கு 1993 ஆயிற்று. அந்தக் கடிதத்துக்கு நூற்றேழு ஆண்டு கழித்து!

ஹார்மன் சொன்னதெல்லாம் சரியென்று நான் வாதாடவில்லை. கடைசிக் காலத்தில், 1907-ல், ஏட்டின் பெயரையே மாற்றி, நல்லினப் பிறப்பு பேசும் பத்திரிகையாக்கினார். யார் பிள்ளை பெறலாம், யார் பெறலாகாது என்று அளக்கும் அந்தப் பேச்சு பின்னாளில் எந்தப் படுகுழிக்குப் போயிற்று என்பதை உலகம் கண்டது. பெண் தன் உடலுக்குத் தானே உரிமைக்காரி என்று முழங்கிய மனிதர் அந்தப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டாம்.

ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு நடந்ததையும் கேளுங்கள். ஏடு அப்போது சிகாகோவுக்குக் குடிபெயர்ந்திருந்தது. மறுபடியும் அதே தபால் சட்டம், ஓராண்டுக் கடுங்காவல். வயது 75. ஜோலியட் சிறையிலே சம்மட்டியைக் கையில் தந்து கல்லுடைக்கச் சொன்னார்கள். எழுதிய கை, கல்லுடைத்தது. பிறகு கான்சாசிலுள்ள லெவன்வொர்த் சிறைக்கு மாற்றினார்கள், 1906 டிசம்பரில் விட்டார்கள். இங்கிலாந்திலே நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா, அமெரிக்காவுக்கு ஏன் வருவதில்லை என்பதற்குச் சொன்ன காரணமும் இதுதான்: ஹார்மனைச் செய்ததுபோல் தன்னையும் பிடித்துச் சிறையில் போடுவார்களே என்றாராம்! கிழவர் 1910 ஜனவரி 30-ல் லாஸ் ஏஞ்சல்சில் மறைந்தார். சாகும்வரை ஏட்டை நடத்திக்கொண்டுதான் இருந்தார்.