லண்டனுக்கு நேர் வழி பட்டாபிராம் பக்கம்

மீனம்பாக்கத்திலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு, பூமியின் மேல் மிகக் குறுகிய பாதையைக் கணக்கிட்டுப் பாருங்கள். அந்தக் கோடு வடமேற்கே கிளம்பி, ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவே, ஏறக்குறைய இந்து கல்லூரி ஸ்டேஷன் அருகில் ரயில் தண்டவாளத்தைத் தாண்டுகிறது.

சுவரில் மாட்டிய உலக வரைபடத்தில் ஸ்கேல் வைத்தால் வேறு வழி தெரியும்: அரபிக்கடல், ஈராக், துருக்கி. உருண்டையைத் தட்டையாக்கியதில் வந்த கோளாறு அது. வடக்கே போகப்போக நிலம் இழுபட்டுப் பெரிதாகிவிடுகிறது. பிள்ளைகளின் குளோப் வீட்டில் இருந்தால் ஒரு நூலைச் சென்னையிலும் லண்டனிலும் அழுத்தி இழுத்துப் பிடியுங்கள். நூல் வடக்கே ஏறி, குஜராத், சிந்து, ஈரான், காஸ்பியன் கடலோரம், உக்ரைன், போலந்து என்று படியும். நீளம் சுமார் 8,230 கி.மீ.

ஜெட் விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ. என்று வைத்தால் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேல் போதும். ஆனால், நேரடி விமானத்துக்கே பத்தரை, பதினொரு மணி நேரம் ஆகிறது. ஏன்?

முதல் காரணம் காற்று. பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் காற்றோட்டம் பாய்கிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டுவதும் உண்டு. வழியெங்கும் சராசரியாக 100 கி.மீ. எதிர்க்காற்று என்றால்கூட, தரைக்கணக்கில் வேகம் 800 ஆகிவிடும். பயணம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும். திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும். சென்னைக்கு வரும் பயணம் சீக்கிரம் முடிவது அதனால்தான்.

இரண்டாவது காரணம் வருத்தமானது. 2022 பிப்ரவரி 24 அன்று போர் மூண்டதிலிருந்து உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடிக்கிடக்கிறது. நம் நூல் அந்த நாட்டின் குறுக்கேதான் கிடக்கிறது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தானும் தன் வான்வெளியை இந்திய நிறுவனங்களின் விமானங்களுக்கு மூடியது. அந்த வழி அடைபட்டவர்கள் சுற்றித்தான் போக வேண்டும். கூடுதலாக எரியும் எரிபொருளின் செலவு கடைசியில் பயணியின் டிக்கெட்டில்தான் வந்து விழும். போரின் விலையை அதில் துளியும் சம்பந்தமில்லாத குடும்பங்களும் கொடுக்கின்றன என்பது எனக்கு ஆறவே இல்லை.

கிளம்பும் திசையும் காற்றைப் பொறுத்ததுதான். விமானம் எதிர்க்காற்றில் ஏறினால்தான் சிறகுக்குத் தூக்குவிசை சீக்கிரம் கிடைக்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது பம்மல் பக்கமும், வடகிழக்குக் காற்றில் பரங்கிமலை பக்கமும் மேலேறி, பிறகுதான் திரும்பும்.

டிக்கெட்டில் அச்சிட்டிருப்பது அந்தந்த ஊர் நேரம். குளிர்காலத்தில் லண்டன் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கி இருக்கும், கோடையில் நாலரை. காலை 5.30க்குக் கிளம்பி 11 மணிக்கு இறங்குவதாக டிசம்பர் டிக்கெட்டில் இருந்தால், உண்மையில் வானத்தில் கழிவது பதினொரு மணி நேரம்.