மேசை மேல் ஒரு கடல்!

இரண்டு டிகிரி சூடு கூடினால் ஆபத்து!

மேசை மேல் ஒரு கண்ணாடித் தொட்டி. நீளம் ஒரு முழம்தான். அதில் 20 லிட்டர் தண்ணீர். இரண்டு குடம் கூட இல்லை!

ஆனால் அது வெறும் தண்ணீர் அல்ல. கடல்!

உள்ளே பாறை இருக்கிறது. பாறை மேல் பவளப்பூச்சிகள் பூப்போல விரிந்திருக்கின்றன. இடையே ஒரு சின்னஞ்சிறு மீன் ஓடி விளையாடுகிறது.

வீட்டுக்கு வெளியே பனி கொட்டுகிறது. தொட்டிக்குள்ளே வெப்ப நாட்டுக் கடல்! இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் பலர் இப்படிக் "குட்டிக் கடல்" வளர்க்கிறார்கள்.

பார்க்க அழகுதான். ஆனால் அதைக் காப்பது கைக்குழந்தையைக் காப்பது போல!

தண்ணீரை ஆற்றிய பெண்

இந்த ஆசை புதிது அல்ல. 1846-ம் ஆண்டில், அன்னா தைன் என்ற ஆங்கிலச் சீமாட்டி டார்கீ கடற்கரைக்குப் போனார். அங்கே கண்ட பவளப்பூச்சிகளை ஜாடியில் போட்டு லண்டனுக்குக் கொண்டு வந்தார்.

தண்ணீரில் காற்று கலந்தால்தானே அவை பிழைக்கும்? வேலைக்காரப் பெண் ஜன்னல் ஓரம் நின்று, காபி ஆற்றுவது போல, கடல் தண்ணீரைத் தினமும் ஆற்றினாள். பவளம் பிழைத்தது!

1961-ல் இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் வேறு வழியை எழுதினார். கடலில் இருந்து உயிருள்ள பாறையைக் கொண்டு வந்து தொட்டியில் வைத்தார். காற்றுக் குமிழி விட்டார். பாறையில் இருந்த நுண்ணுயிர்களே தண்ணீரைச் சுத்தம் செய்தன.

அன்னா வளர்த்தது குளிர் கடல் பவளம். லீ இருந்ததோ சூடான நாடு. தண்ணீரைச் சூடாக்கும் வேலை இருவருக்கும் இல்லை. குளிர் நாட்டில் வெப்பக்கடல் பவளத்தை வளர்ப்பவர்களுக்குத்தான் தொல்லை!

பவளம் ஏன் வெளுக்கிறது?

தொட்டியின் சூடு 24 முதல் 27 டிகிரி சென்டிகிரேடுக்குள் இருக்க வேண்டும். அதுவும் ஒரே சீராக இருக்க வேண்டும்.

பவளப்பூச்சியின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி வாழ்கிறது. அந்தப் பாசி வெளிச்சத்தைக் கொண்டு உணவு தயாரித்துப் பவளத்துக்குக் கொடுக்கிறது. அழகான நிறத்தையும் தருகிறது.

சூடு மிஞ்சினால், பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். உடனே வெளுத்துப்போகும். சூடு தணியாவிட்டால் பட்டினி கிடந்து சாகும்!

சின்னச் சட்டி, பெரிய அண்டா

பெரிய தொட்டியை விடச் சின்னத் தொட்டியில்தான் கஷ்டம் அதிகம். ஏன்?

அடுப்பு மூட்டும் தாய்மார்களுக்குத் தெரியும். சின்னச் சட்டித் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும்; சீக்கிரம் ஆறும். அண்டாத் தண்ணீர் அப்படி அல்ல.

தொட்டியைச் சூடாக்க, தண்ணீருக்குள் மின்சார ஹீட்டர் போடுகிறார்கள். போதுமான சூடு ஏறியதும் அது தானாகவே அணைந்துவிடும்.

அணையாமல் போனால்?

200 வாட் ஹீட்டர் என்றால், 20 லிட்டர் தண்ணீரில் ஒரே மணி நேரத்தில் 8 டிகிரி வரை சூடு ஏறிவிடும். விடிந்து எழுந்து பார்த்தால் பவளம் வெந்து கிடக்கும்! 50 வாட் ஹீட்டர் என்றால் மணிக்கு 2 டிகிரிதான். கவனித்துக் காப்பாற்ற நேரம் இருக்கிறது.

அதனால் சின்னத் தொட்டிக்குச் சின்ன ஹீட்டரே நல்லது. ஹீட்டர் பழுதானாலும் மின்சாரத்தைத் துண்டிக்கும் தனி விசை ஒன்றும் வேண்டும். தனியே ஒரு தெர்மாமீட்டரும் வேண்டும்.

பனிக்காலத்தில் மின்சாரம் நின்றுவிட்டால், தொட்டியைச் சுற்றிக் கம்பளி போர்த்துகிறார்கள். பேட்டரியில் ஓடும் பம்பு மூலம் காற்று கொடுக்கிறார்கள்.

உப்பு எங்கே போகும்?

கோடையில் நேர் எதிர்க் கவலை. அப்போது தண்ணீர் மேல் மின்விசிறி வைக்கிறார்கள். தண்ணீர் ஆவியாகும், சூடு குறையும்.

ஆனால் தண்ணீர்தான் ஆவியாகும். உப்பு அப்படியே இருக்கும்!

கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. 20 லிட்டரில் 700 கிராம். ஒரு லிட்டர் ஆவியானால், மீதி 19 லிட்டரில் அதே 700 கிராம் இருக்கும். லிட்டருக்கு 37 கிராம் என்று ஆகிவிடும்.

குறைந்த அளவுக்கு உப்புத் தண்ணீர் ஊற்றினால் கரிப்பு இன்னும் ஏறும். சுத்தமான நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். தொட்டியில் ஒரு கோடு போட்டு, தினமும் அந்தக் கோடு வரை நிரப்ப வேண்டும்.

வாரம் ஒரு முறை இரண்டு லிட்டர் பழைய தண்ணீரை எடுத்துவிட்டு, புது உப்புத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அதன் உப்பும் சூடும் தொட்டியில் உள்ளது போலவே இருக்க வேண்டும். தண்ணீரை எடுக்கும்போது ஹீட்டரை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அதன் கண்ணாடி வெடிக்கக்கூடும்.

நம் கடலுக்கும் ஆபத்து

இந்தியாவில் பவளத்தைக் கடலில் இருந்து எடுப்பது குற்றம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்குக் காவலாக இருக்கிறது.

ஆனால் சூட்டைச் சட்டம் தடுக்குமா? 1998-லும் 2016-லும் கடல் தண்ணீர் சூடேறி, மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளுத்தன. பல மடிந்தன.

மேசை மேல் இருக்கும் கடலுக்கு விசிறி வைக்கலாம். மன்னார் கடலுக்கு யார் விசிறி வைப்பது?