தட்டில் பாதி!

பக்கவாதத்திலிருந்து பிழைத்து வந்த அப்பா, வலது பக்கச் சாதத்தை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "பொரியல் எங்கேடி?" என்றார். பொரியல் தட்டின் இடது பக்கம் 'தேமே' என்று கிடந்தது! பேப்பரைப் பிரித்தால், "ஒரு வரிக்கும் தலையைக் காணோமே!" என்று எரிச்சல்.

"புத்தி மழுங்கிடுச்சுடா" என்று அம்மா அழுதாள். நானும் நம்பி, பாஸ்புக்கை வாங்கி வைத்துக்கொண்டேன்.

பார்வைப் பரப்பைச் சோதித்த டாக்டர் சொன்னார்: "மூளையின் வலது பக்கம் அடிபட்டதால, ரெண்டு கண்ணுலயும் இடது பாதி தெரியலை. கண்ணாடி போட்டு இதைச் சரிபண்ண முடியாது. ஞாபகசக்தி டெஸ்ட்லயும் பாதிக் காகிதத்தைத்தான் பார்த்திருக்கார். அப்புறம் மார்க் எப்படி வரும்? இடது பக்கம் தலையைத் திருப்பிப் பார்க்கப் பழக்குங்க."

பேப்பரின் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தேன். கோடு தெரியும்வரை தலையைத் திருப்பிப் படிக்கிறார். பாஸ்புக்கும் அவரிடமே!

நேற்று, "பொரியல்ல உப்பு ஜாஸ்தி" என்றார். அம்மா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்!