முதல் வெப் டெவலப்பர் நேர்காணல்: கேட்பது என்ன, சொல்வது என்ன?

டிப்ளோமா கையில் இருக்கிறது. விண்ணப்பம் போட்டுப் போட்டு அலுத்துப்போன நேரத்தில் ஓர் அழைப்பு வருகிறது: வியாழக்கிழமை காலை பத்து மணி, பங்சார் சவுத், ‘ஜூனியர் வெப் டெவலப்பர்’ வேலைக்கு நேர்காணல். அம்மா கோயிலுக்கு நேர்ந்துகொள்கிறார், அப்பா சட்டை இஸ்திரி போட்டதா என்று கேட்கிறார். பிள்ளையோ, ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்ற கேள்விக்கு இணையத்தில் கிடைத்த ஆங்கிலப் பதிலை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறது. கிள்ளான், காப்பார், பந்திங் பக்கத்து வீடுகளுக்கு இது புதிய காட்சி அல்ல. மனப்பாடம் செய்த அந்தப் பதில் முதல் ஐந்து நிமிடங்களுக்குத்தான் உதவும். மீதி நேரத்துக்கு என்ன செய்வது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வெப் டெவலப்பர் என்பவர் இணையத்தளத்தைக் கட்டுபவர். வங்கிக் கணக்கைப் பார்க்கும் பக்கம், கோயில் நன்கொடைப் பாரம், ஆன்லைன் கடை எல்லாம் யாரோ எழுதியவைதான். கண்ணுக்குத் தெரியும் பக்கத்தை எழுதுவதை ‘ஃப்ரண்ட் எண்ட்’ என்பார்கள். பின்னால் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்ளும் பகுதி ‘பேக் எண்ட்’. தொடக்க நிலையில் சிறிய நிறுவனங்கள் இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் எதிர்பார்க்கும். ‘கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற வேலையா?’ என்று கேட்கும் மாமாக்களுக்கு, இல்லை.

இந்தத் துறைக்கும் தோட்டத்து மக்களுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 1996இல் மல்டிமீடியா சூப்பர் காரிடார் திட்டம் தொடங்கியது. அதற்குள் அடங்கும் புத்ராஜெயா எழும்பியது பிராங் பெசார் போன்ற தோட்டங்கள் இருந்த நிலத்தில். அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குப் போயின. நிலத்தைக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அந்தக் காரிடாரில் வேலை கேட்டுப் போகிறார்கள். தயங்கித் தயங்கிப் போக வேண்டியதில்லை.

சரி, உள்ளே என்ன நடக்கும்? பெரும்பாலும் முதலில் மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு தொலைபேசிப் பேச்சு. பிறகு வீட்டிலிருந்து செய்து அனுப்பச் சொல்லி ஒரு சிறு பயிற்சி, அல்லது நேரில் உட்கார வைத்து எழுதச் சொல்லும் சோதனை. அதன் பிறகு டெவலப்பர் ஒருவருடன் உரையாடல், கடைசியாகச் சம்பளப் பேச்சு. சில நிறுவனங்களில் எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும்.

டெவலப்பருடன் நடக்கும் அந்த உரையாடல்தான் முக்கியம். சான்றிதழை அவர் புரட்டிப் பார்ப்பார், ஆனால் கேட்பது ‘நீங்கள் செய்த ஒன்றைக் காட்டுங்கள்’ என்றுதான். இங்கேதான் பலர் யூடியூப் பார்த்துச் செய்த ‘செய்ய வேண்டியவை’ பட்டியலையோ கால்குலேட்டரையோ காட்டுகிறார்கள். நேர்காணல் நடத்துபவர் அதைப் பல தடவை பார்த்துச் சலித்திருப்பார். பிரிக்பீல்ட்ஸில் மாலை கட்டும் கடைக்கு ஓர் ஆர்டர் பக்கம், உங்கள் தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர் சந்திப்புக்கு ஒரு பதிவுப் பாரம், கோயில் திருவிழா நேர அட்டவணை போன்று உண்மையான ஆட்கள் பயன்படுத்தும் ஒன்றைச் செய்து பாருங்கள். சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. அதைச் செய்யும்போதுதான் உண்மையான தொல்லைகள் வரும். கடைக்காரர் பழைய கைப்பேசியில் திறப்பார், படம் ஏறாது. ஒருவர் ஒரே ஆர்டரை இரண்டு முறை அழுத்திவிடுவார். ‘இந்தச் சிக்கல் வந்தது, இப்படித் தீர்த்தேன்’ என்று சொல்ல உங்களிடம் கதை இருக்கும். கதை உள்ளவரிடம்தான் அவர்களும் மேலும் கேட்பார்கள்.

தமிழ் தெரிந்தவருக்குக் கூடுதலாக ஒரு வாய்ப்பும் இருக்கிறது. நான் தமிழ் படித்தவள் என்பதால் இதில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறேன்.

‘ஒரு சொல்லைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டு’ என்பது தொடக்க நிலை நேர்காணல்களில் அடிக்கடி வரும் கேள்வி. ஆங்கிலச் சொல்லுக்கு எழுத்து எழுத்தாகப் பிரித்து, திருப்பி, ஒட்டினால் போதும். ‘தமிழ்’ என்ற சொல்லில் அதையே செய்து பாருங்கள். நம் கண்ணுக்கு அது மூன்று எழுத்து. ஜாவாஸ்கிரிப்ட்டிடம் நீளம் கேட்டால் ஐந்து என்று சொல்லும். ‘த’ ஒன்று, ‘மி’ என்பது ம-வும் இகரக் கொக்கியுமாக இரண்டு, ‘ழ்’ என்பது ழ-வும் புள்ளியுமாக இரண்டு. உயிர்மெய்யை ஓர் எழுத்தாக எண்ணுவது நம் இலக்கணம். யூனிகோடோ கொக்கியையும் புள்ளியையும் தனித் தனிக் குறியாக வைத்திருக்கிறது. அதனால் திருப்பும்போது புள்ளி முன்னால் வந்து ஆதரவின்றி நிற்கும், இகரக் கொக்கி ம-வை விட்டுவிட்டு ழ-வைப் பிடித்துக்கொள்ளும். வர வேண்டியது ‘ழ்மித’, வருவது ஓர் அநாதைப் புள்ளியும் ‘ழிமத’வும்.

இது வெறும் வேடிக்கை அல்ல. பெயர் எழுதும் கட்டத்துக்குப் பத்து எழுத்து வரம்பு என்று ஒருவர் வைத்துவிட்டால், எட்டே எழுத்துள்ள ‘சுப்பிரமணியம்’ அதில் நுழையாது. கணினி அதைப் பதின்மூன்றாக எண்ணும். தரவுத்தளத்தில் யூனிகோட் அமைப்பைச் சரியாக வைக்காவிட்டால் சுப்பிரமணியம் வெறும் கேள்விக்குறிகளாகத் திரும்பி வருவார். இதற்கு ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே ‘இன்டில் செக்மென்டர்’ என்ற கருவி உண்டு. கண் காணும் எழுத்துவாரியாக அது பிரித்துக் கொடுக்கும். நேர்காணலில் இந்தக் கேள்வி வந்தால் ஆங்கிலச் சொல்லுக்கு விடை எழுதி முடித்து, ‘தமிழ் போன்ற மொழிகளுக்கு இது உடையும், ஏனென்றால்...’ என்று இரண்டு நிமிடம் சொல்லுங்கள். பல மொழி பேசும் நாட்டில் தளம் கட்டுகிற நிறுவனத்துக்கு இந்த அறிவு தேவைப்படும். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985இலேயே ‘முரசு’ மென்பொருளை உருவாக்கியவர், 2005இல் ‘செல்லினம்’ வழியாகத் தமிழைக் கைப்பேசிக்குக் கொண்டுபோனவர். கணினித் தமிழில் மலேசியத் தமிழன் பின்வரிசையில் இருந்ததில்லை.

அடுத்து, அநேகமாக எங்கும் கேட்கப்படும் கேள்வி: ‘உலாவியில் ஒரு முகவரியைத் தட்டி எண்டர் அழுத்தினால் என்ன நடக்கிறது?’ எளிமையாகத் தோன்றும் இந்தக் கேள்வியில் ஒருவருக்கு எவ்வளவு ஆழம் தெரியும் என்பது வெளிப்பட்டுவிடும். முகவரிப் பெயருக்கு உரிய எண்ணை டிஎன்எஸ் தேடித் தருகிறது. அந்த எண்ணில் உள்ள சர்வரோடு உலாவி இணைப்பு ஏற்படுத்துகிறது. முகவரி ‘எச்டிடிபிஎஸ்’ என்றால் பேச்சு பூட்டப்பட்ட பேச்சாகிறது. பிறகு பக்கத்தைக் கேட்கிறது, சர்வர் எச்டிஎம்எல் அனுப்புகிறது. அதைப் படிக்கப் படிக்க சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், படங்கள் என ஒவ்வொன்றாக மறுபடி கேட்டு வாங்கிப் பக்கத்தை வரைகிறது. 200 என்றால் சரி, 404 என்றால் பக்கம் இல்லை, 500 என்றால் சர்வரில் கோளாறு. இந்த வரிசையைத் தாளில் ஒரு படமாக வரைந்து பழகினால் மறக்காது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டு சமக்குறிக்கும் மூன்று சமக்குறிக்கும் உள்ள வேறுபாடு, ஃப்ளெக்ஸ்பாக்ஸ், கடவுச்சொல்லை ஏன் அப்படியே சேமிக்கக் கூடாது, எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் என்றால் என்ன, கிட் பயன்படுத்தும் முறை. ஃப்ரீகோட்கேம்ப், மொசில்லாவின் எம்டிஎன் பக்கங்கள், ஹார்வர்டின் சிஎஸ்50 பாடம் மூன்றும் இலவசம். பாரிஸில் 2013இல் தொடங்கிய ‘42’ பள்ளியின் கிளையான 42 கேஎல்லிலும் கல்விக் கட்டணம் இல்லை, பட்டமும் கேட்பதில்லை. வீட்டில் உட்கார்ந்து படிக்க அமைதியான இடமில்லை என்றால் ஷா ஆலம் ராஜா துன் ஊடா நூலகம் இருக்கிறது. கோலாலம்பூர்க்காரர்களுக்கு ஜாலான் துன் ரசாக்கில் தேசிய நூலகம்.

ஏஐ பற்றி ஒன்று. சாட்ஜிபிடி எழுதித் தந்த குறிமுறையை அனுப்புவது இப்போது யாரையும் அதிர வைப்பதில்லை. அதில் ஒரு வரியைச் சுட்டி ‘இது ஏன் இங்கே?’ என்று கேட்கும்போது விழிப்பதுதான் ஆளைக் கவிழ்க்கிறது. விளக்க முடியாத வரியை அனுப்பாதீர்கள்.

ஆங்கிலம் குறித்த பயம் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பலருக்கு உண்டு. இலக்கணப் பிழையைவிட மௌனம் அதிகம் கெடுக்கும் என்பது என் கருத்து. உங்கள் ஒரு புராஜெக்ட்டை ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், தங்கையை எதிரே உட்கார வைத்தாவது. தெரியாத கேள்விக்கு ‘இது எனக்குத் தெரியாது, ஆனால் இப்படித் தேடுவேன்’ என்பது மதிக்கத்தக்க பதில். இன்னொன்று நம் பேச்சுப் பழக்கம் சார்ந்தது. தனியாகச் செய்ததையும் ‘நாங்க செஞ்சோம்’ என்று சொல்வது நமக்கு அடக்கம். எதிரே இருப்பவருக்கோ, இதில் உங்கள் பங்கு என்ன என்பதே விளங்காது. நீங்கள் செய்ததை ‘நான் செய்தேன்’ என்று சொல்லுங்கள். அது திமிர் அல்ல.

விளம்பரத்தில் ‘மண்டரின் தெரிந்திருக்க வேண்டும்’ என்று பார்த்ததும் பக்கத்தை மூடிவிடுகிறவர்கள் உண்டு. சீனாவிலோ தைவானிலோ வாடிக்கையாளர் உள்ள நிறுவனத்துக்கு அது உண்மையான தேவை. ஆனால் பழைய விளம்பரத்தை அப்படியே ஒட்டிப் போடுகிறவர்களும் இருக்கலாம். வேலை முழுக்கக் குறிமுறை எழுதுவது என்றால் விண்ணப்பம் போடுங்கள். போடாததற்குப் பதில் வரப்போவதில்லை.

வீட்டுச் சோதனைக்கு ஒரு எச்சரிக்கை. ஒரு நாளில் முடியும் பயிற்சி என்றால் நியாயம். அவர்களின் உண்மையான வாடிக்கையாளருக்கு முழுத் தளம் கட்டித் தரச் சொன்னால் அது சோதனை அல்ல, சம்பளமில்லாத வேலை. அளவு என்ன, எதற்குப் பயன்படுத்துவீர்கள் என்று மரியாதையாகக் கேட்கலாம்.

சம்பளம். ‘எவ்வளவு கொடுத்தாலும் சரி சார்’ என்ற வாக்கியத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 வெள்ளி. டெவலப்பர் வேலைக்கு அதுவே அளவுகோலாக இருக்கக் கூடாது. ஜாப்ஸ்ட்ரீட்டிலும் பெர்கேசோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸிலும் அதே வேலைக்கு என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து ஓர் எண்ணோடு போங்கள். 3,000 வெள்ளி என்றால் சேமநிதிக்கு உங்கள் பங்கு 11 விழுக்காடு, அதாவது 330 வெள்ளி பிடிபடும். சொக்சோவும் போனால் கைக்கு வருவது 2,650 அளவில். முதலாளி தன் பங்காக 13 விழுக்காடு, 390 வெள்ளி செலுத்த வேண்டும். ‘சேமநிதி கிடையாது, முழுசாகக் கையில் தருகிறோம்’ என்றால் அந்த 390 வெள்ளி உங்களுடையது என்பதை நினைவில் வையுங்கள். தீபகற்பத்தில் 1955 வேலைச் சட்டம், 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து, சம்பளம் எவ்வளவானாலும் ஊழியர் அனைவருக்கும் பொருந்துகிறது. வாரத்துக்கு 45 மணி நேரம்தான் உச்சம். மிகைநேரப் பணம் 4,000 வெள்ளிக்கு மேற்படாத சம்பளக்காரருக்கு உண்டு. பயிற்சிக்குப் பிணையாக இத்தனை ஆண்டு இருக்க வேண்டும் என்ற ‘பாண்ட்’ இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் படியுங்கள். ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க ஒரு நாள் கேட்பது தவறில்லை.

டெலிகிராமில் மட்டும் பேசி, சோதனையே இல்லாமல் பெரிய சம்பளத்துக்கு ‘ஐடி வேலை’, விமான டிக்கெட்டும் நாங்களே என்று ஒருவர் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். கம்போடியா, மியன்மார் மோசடி மையங்களில் நம் இளைஞர்கள் சிக்கியது இப்படிப்பட்ட அழைப்புகளால்தான். எந்த நிறுவனமானாலும் அதன் பெயரை எஸ்எஸ்எம் பதிவில் தேடிப் பாருங்கள். வேலை தருவதற்கு முன் பணம் கேட்பவர் முதலாளி அல்ல.

பயணம். கிள்ளானிலிருந்து பங்சார் சவுத்துக்குக் கே.எல். சென்ட்ரல் வரை போய்த் திரும்ப வேண்டாம். கொமுட்டரில் அப்துல்லா ஹுக்கும் நிலையத்தில் இறங்கி எல்ஆர்டி மாறினால் அடுத்த நிலையமே கெரிஞ்சி. சைபர்ஜெயா என்றால் கே.எல். சென்ட்ரலிலிருந்து கேஎல்ஐஏ டிரான்சிட், அல்லது புத்ராஜெயா எம்ஆர்டி. கொமுட்டர் தாமதமாகும் நாளும் உண்டு, ஒரு வண்டி முன்னதாகவே ஏறுங்கள். வேலை கிடைத்த பிறகு 50 வெள்ளி மை50 பாஸ் ரேபிட் கேஎல் ரயிலுக்கும் பேருந்துக்கும் உதவும், கொமுட்டர் செலவு தனி. சம்பளம் பேசும்போதே அதையும் கணக்கில் சேருங்கள்.

திரும்பி வரும் வண்டியிலேயே, பதில் தெரியாமல் போன கேள்விகளைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டு அன்று இரவே தேடிப் படித்துவிடுங்கள். அடுத்த நேர்காணலில் அவற்றில் பாதி மறுபடி வரும். ஒரு வாரமாகியும் தகவல் இல்லை என்றால் ஒரே ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்கலாம். அதுவரை மற்ற விண்ணப்பங்களை நிறுத்தி வைக்க வேண்டாம்.